வேலைக்குரிய சொல், ஆளுக்குப் போன கதை

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. குறித்த காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்படுபவருக்கும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளமும் சலுகைகளும் உண்டு, ஓராண்டிலேயே பணிக்கொடையும் உண்டு. பிறகு எதற்கு இந்த ‘பெர்மனென்ட்’ மோகம் என்கிறார்கள். மோகம் என்று ஒதுக்கிவிடும் சொல் இல்லை அது. ஆனால் அதை நாம் தப்பான இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

சொல்லின் பலத்தை மறுக்க மாட்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் “அவன் பெர்மனென்ட்” என்றால் சம்பள ஒப்பந்தம், சங்கத்தில் குரல், பேங்க் லோன், பெண் வீட்டாரின் சம்மதம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ‘நிரந்தரம்’ என்று சொன்னால் இத்தனையும் வராது. ஆர்டர் ஏறி இறங்குகிறது என்ற முதலாளிகளின் கவலையும் பொய்யில்லை.

என் ஆட்சேபம் பழையது. வேலையின் தன்மையைச் சொல்ல வேண்டிய அடைமொழி ஆளின் தகுதியைச் சொல்லப் போய்விட்டது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாமா என்று பார்க்கும்போது வேலையைத்தான் விசாரிக்கச் சொன்னது: அது அந்தத் தொழிலுக்கு அவசியமானதா, ஆண்டு முழுக்க ஓயாமல் நடப்பதா, முழுநேர ஆட்கள் தேவைப்படுவதா? ஆள் யார், எந்த ஊர், யார் கூட்டி வந்தார்கள் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

பழைய பாணி ரோலிங் மில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழுக்கக் காய்ந்த கம்பி உருளைகளுக்கு நடுவிலிருந்து சீறி வரும். அதை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட அங்கே ஒரு ஆள் நின்றாக வேண்டும். மில் ஓடும் வரை அந்த இடம் காலியாக இருக்க முடியாது. ஆனால் அங்கே நிற்கும் ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ ‘காண்ட்ராக்ட்’. அடையாள அட்டையில் காண்ட்ராக்டர் பெயர் மாறும். அவர் நிற்கும் இடம் மாறாது. வேலையில் சேரும்போது நிரப்பிய படிவத்தில் ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தில் மட்டும், வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் வீட்டை எழுதியிருப்பார்.

உள்ளூர்ப் பையன்கள் நிலையும் இதுதான். “எப்ப பெர்மனென்ட் பண்ணுவாங்க?” என்றுதான் கேட்கிறார்கள். பண்ணுவது மேலே இருக்கும் யாரோ. அவர் மனசு வைக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் யார் மனசையும் கேட்கவில்லை. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியில் இருந்தால் அந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்கியே ஆக வேண்டும் என்றது. அவ்வளவு தெளிவாக எழுதிய அந்தச் சட்டமே தன் தலைப்பில் நிரந்தரத் தகுதியை ‘வழங்குதல்’ என்று போட்டுக்கொண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உழைத்து முடித்த நாட்களின் கணக்குக்குப் பட்டமளிப்பு விழாவின் மொழி எதற்கு? 480 நாள் என்ற கணக்கு தொழிலாளியின் வாயில் வராமல் போனதற்கு அந்த மொழியும் ஒரு காரணம். நாள் கணக்கை நினைவில் வைத்திருப்பவர் காண்ட்ராக்டர்தான். அது நிறையும் முன் சரியான நேரத்தில் பணியில் ‘பிரேக்’ கொடுக்க அவருக்கு அது தேவைப்படுகிறது.

நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. ஒரு வேலையில் ஒப்பந்த முறைக்குத் தடை வந்துவிட்டாலே அதைச் செய்துவந்தவர் நிறுவனத்தின் தொழிலாளி ஆகிவிட மாட்டார் என்று 2001இல் பொதுத்துறை உருக்கு நிறுவனமான செயில் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வேலை நிலையானது என்பதை ஒப்புக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தலாம் என்பதுதான் நடைமுறையில் அதன் பொருள்.

இப்போது குறித்த காலப் பணி. சலுகையில் குறைவில்லை என்கிறார்கள், சரி. இடுக்கி பிடிக்கும் வேலைக்கு முடிவுத் தேதி கிடையாது, அதைச் செய்பவருக்கு மட்டும் உண்டு. தேதி நெருங்கும்போது அவர் ஓவர்டைம் பாக்கியைக் கேட்பாரா, உருளைக்குத் தடுப்பு இல்லை என்று புகார் எழுதுவாரா? எந்த வேலைக்கு இப்படி ஆள் எடுக்கலாம், எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்குச் சட்டத் தொகுப்பு வரம்பு வைக்கவில்லை. ஒவ்வொரு நியமன உத்தரவிலும், அந்தத் தேதியோடு அந்த வேலை ஏன் முடிந்துபோகிறது என்று நிர்வாகம் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுத முடியாத வேலைக்குக் காலக்கெடுவே போடக் கூடாது என்று மாநில அரசு விதி செய்யட்டும்.