பொன்முடிக் கல்லும் சங்கிலிக் கணக்கும்

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில், வெளிறிய நைஸ் பாறைக்குள் எண்ணெய்ப் பளபளப்போடு கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். அவை சார்னோகைட், பல்லாவரத்துக் கருங்கல்லின் இனம். அந்தப் பெயருக்குத் தகுதி தருவது உள்ளிருக்கும் ஆர்த்தோபைராக்சீன் என்ற ஒற்றைச் சங்கிலிச் சிலிக்கேட்.

ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அமைந்த நான்முகிகள், மூலைக்கு மூலை இணைந்து நீண்டால் பைராக்சீன். இரண்டு சங்கிலிகள் பக்கவாட்டில் கைகோத்தால் ஆம்பிபோல். தென்கேரளத்துச் சுண்ணச் சிலிக்கேட் பாறைகளில் உள்ள வோலாஸ்டனைட்டில் சங்கிலி மூன்று நான்முகிக்கு ஒருமுறை மடங்குவதால் அதற்குத் தனி இடம். 1928இல் வாரனும் பிராக்கும் டயாப்சைடு என்ற பைராக்சீனின் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்தது இந்தப் பகுப்புக்கு உறுதியான அடித்தளம். கனிமம் பிளக்கும்போது வெடிப்பு சங்கிலியை அறுக்காமல் சுற்றிப் போகிறது. ஒடுங்கிய ஒற்றைச் சங்கிலி என்றால் பிளவுகள் ஏறத்தாழ 90 பாகையில் சந்திக்கும். அகன்ற இரட்டைச் சங்கிலி என்றால் 56, 124 பாகையில். கைலென்ஸ் வைத்திருக்கும் மாணவர் அணுக்களின் அடுக்கையே ஊகித்துவிடலாம். இவ்வளவு சிறிய விதி இவ்வளவு பெரிய பலன் தருவது அபூர்வம்.

பெயர் சூட்டும் இடத்தில்தான் சறுக்கல். 1988இல் பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் பைராக்சீன்களுக்கு 20 பெயர்களை வைத்துக்கொண்டு 105 பெயர்களைக் கைவிட்டது. சார்னோகைட்டோடு ஒட்டியே பேசப்பட்ட ஹைப்பர்ஸ்தீன் என்ற ஆர்த்தோபைராக்சீன் பெயரும் போயிற்று. மக்னீசியம் பாதிக்கு மேல் என்றால் என்ஸ்டடைட், இரும்பு மிகுந்தால் ஃபெரோசிலைட். இயற்கை இடைவெளியே இல்லாமல் கலந்த ஒன்றை நடுவில் கோடு கிழித்துப் பிரித்தார்கள். குழப்பம் குறைந்தது என்பது உண்மை. ஆம்பிபோலின் கதை இன்னும் மோசம்: 1978, 1997, 2012 என்று விதிகள் மாறிக்கொண்டே வந்தன. இரும்பின் இரு ஆக்சிஜனேற்ற நிலைகளையும் வழக்கமான மின்னணு நுண்ஆய்வுக் கருவி பிரித்துக் காட்டாது. அனுமானக் கணக்கில்தான் பெயர் முடிவாகிறது.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பொன்முடியில் கருப்பு அப்பிரகமான பயோட்டைட் நீரை இழந்து ஆர்த்தோபைராக்சீனுக்கு வழிவிட்டது. கரியமில வாயு நிறைந்த பாய்மம் நீரை விரட்டியதா என்ற வழக்கு நீண்டகாலமாக நடக்கிறது. பாடநூலிலோ அப்பிரகம் தகட்டுச் சிலிக்கேட் அத்தியாயத்தில், பைராக்சீன் சங்கிலிச் சிலிக்கேட் அத்தியாயத்தில். ஒன்றுக்கு மற்றது அந்நியம். பாறையியலாளர் ஜேம்ஸ் தாம்சன் இதை வேறு விதமாகப் பார்த்தார்: அப்பிரகத் துண்டையும் பைராக்சீன் துண்டையும் மாறி மாறி அடுக்கினால் கிடைப்பது ஆம்பிபோல். அப்படியானால் அப்பிரகத் துண்டைக் கூட்டினால் மூன்று சங்கிலி இணைந்த கனிமமும் இருக்க வேண்டுமே? இருந்தது. 1977இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கனிமத்துக்கு ஜிம்தாம்சனைட் என்றே பெயர்.

உறவைச் சொல்வதில் தாம்சனின் வழி மேல். ஆனால் சங்கிலிகளின் அகலம் ஒழுங்கின்றி மாறும் இடங்களை நேரில் காண மின்னணு நுண்ணோக்கி வேண்டும். மலையேறுபவர் பையில் அது இராது. அங்கே அந்தப் பழைய 90 பாகைதான் கைகொடுக்கும்.