புதுச்சேரியில் சேரி எங்கே?

புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது கால்வாய்க் கதை. கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். கிழக்கே மஞ்சள் பூச்சும் காகிதப்பூவும், மேற்கே திண்ணை வைத்த தமிழ் வீடு. பிரெஞ்சுக்காரர் பகுதி, தமிழர் பகுதி என்று கைடு ரெண்டாகப் பிரித்துவிடுவார். ஊரை ஒரு பிரதியாக வைத்து வாசித்தால் முதல் கேள்வி இங்கேயே வந்துவிடுகிறது. ‘தமிழர்’ என்கிறார்களே, அது யாரு?

மேற்கே இருந்தது ஒரே ஊர் அல்ல. செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு என்று தெருப்பெயரே சாதியைச் சொல்லும். பறச்சேரி நகரத்துக்கு வெளியே. கறுப்பு நகரத்துக்கும் ஒரு கறுப்பு நகரம் இருந்தது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பாரம்பரியச் சின்னம் என்று காட்டுகிறார்கள். 1736லிருந்து 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பைத் தமிழுக்குப் பெருமை என்கிறார்கள். சரிதான். பண்டிதத் தமிழை விட்டுப் பேச்சுத் தமிழில் எழுதியதற்காகவே அது நமக்கு நெருக்கம். ஆனால் பெருமை பேசுகிறவர்கள் அதைப் பிரித்துப் படித்த மாதிரித் தெரியவில்லை. 1745 அக்டோபரில் சம்பா கோயிலில் நடந்ததைப் பிள்ளை அதில் எழுதிவைத்திருக்கிறார். கோயிலுக்குள் ஒரு சுவர். சுவருக்கு ஒருபக்கம் பறையர். மறுபக்கம் வெள்ளைக்காரர், சட்டைக்காரர், சாதிக் கிறித்தவர் எல்லாரும் ஒண்ணாக. சேரிக் கிறித்தவர்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள்.

எழுதியவர் நம்ம ஆள் இல்லை. துய்ப்ளேக்கு நெருங்கியவர், பின்னால் துபாஷாகவும் ஆனவர். அதனால்தான் இந்தச் சாட்சிக்குக் கனம் அதிகம். தெருவில் நிறம் பிரித்தது. கோயிலுக்குள் போனால் நிறம் சாதியோடு சேர்ந்து நின்றுகொண்டது. கால்வாய்க் கதை மறைப்பது இதைத்தான். வெள்ளையன் ஒதுக்கினான் என்ற ஒரே கதையைச் சொன்னால், ஒதுக்கியவர்களில் பாதிப்பேர் தப்பித்துக்கொள்வார்கள்.

அந்தக் கோயில் இப்போது இல்லை. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது போய்விட்டது. இன்று போட்டோ எடுக்கிற பேராலயம் 1791இல் கட்டியது. இல்லாத கோயிலின் இல்லாத சுவரை எப்படிக் காட்டுவது என்று கேட்கலாம். பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் முன் நின்று என்ன சொல்கிறார்கள்? தாசி ஆயியின் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்ட ராஜா, அவமானம் தாங்காமல் அதை இடிக்கச் சொன்னானாம். இல்லாத வீடுதான் அதுவும். ரசிக்கும்படியான இடிப்பு என்றால் சொல்லலாம் போலும்.

கடற்கரையும் அப்படித்தான். துய்ப்ளேக்குச் சிலை இருக்கிறது. இந்தத் துறையிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமைகள் மொரீஷியஸ், புர்போன் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது 1848இல். அஞ்சே வருஷத்தில், 1853இல், இங்கிருந்து போன ‘ஒரேலி’ கப்பல் மார்த்தினிக்கில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. பிறகு குவாதலூப். இந்தியாவிலிருந்து அந்த ரெண்டு தீவுகளுக்கு மட்டும் 65,000 பேருக்கு மேல் கரும்பு வெட்டப் போனார்கள். அவர்களில் நம்ம சனம் கணிசம். அவர்கள் வழியில் பிறந்தவர்கள் இன்று பூர்வீகம் தேடி இந்த ஊருக்கு வருகிறார்கள். கைடு அவர்களையும் கால்வாய் ஓரம் கூட்டிப்போய், கிழக்கே வெள்ளை, மேற்கே கறுப்பு என்கிறார்.