யாரைக் கேட்டு எழுதினார்கள்?

தமிழில் எழுதப் புகுந்தவர்கள் நெடுங்காலம் கைகட்டி நின்றுதான் ஆரம்பித்திருக்கிறார்கள். காப்பியத்தின் தலையில் அவையடக்கம், முடிவில் அரங்கேற்றம், முகப்பில் வேறொருவர் பாடித்தரும் சிறப்புப்பாயிரம். பாற்கடலை நக்கியே தீர்த்துவிடலாம் என்று கிளம்பிய பூனை எனத் தன்னைச் சொல்லிக்கொண்டவன் கம்பன். அப்படிச் சொல்லிவிட்டுப் பத்தாயிரம் பாட்டுக்கு மேல் பாடினான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பணிவில் பாதி தந்திரம்.

அச்சு வந்தபோது இந்த வழக்கம் ஒழிந்திருக்க வேண்டும். பணம் இருந்தால் யாரும் புத்தகம் போடலாம் என்ற நிலை வந்துவிட்டதே. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளைப் புரட்டினால் நூலுக்கு முன்னால் சாற்றுக்கவிகள் வரிசைகட்டி நிற்கின்றன. வித்துவான்கள் போய் எழுத்தாளர்கள் வந்தார்கள். சாற்றுக்கவி போய் அணிந்துரை வந்தது. இன்றும் முதல் கவிதைத் தொகுப்பு கொண்டுவரும் இளைஞர் இரண்டு பெரிய பெயர்களையாவது முன்பக்கத்தில் நிறுத்தாமல் துணிவதில்லை.

இதை மீறியவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களுக்கு மனத்துணிச்சல் இருந்தது, எழுதிவிட்டார்கள் என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதாத விளக்கமாகப் படுகிறது. துணிச்சல் பலருக்கு இருந்திருக்கும். எழுதி நிலைத்தவர்கள் அதோடு கூட ஏதாவது ஓர் ஏற்பாடும் செய்துகொண்டவர்கள்: எழுதிக்கொடுக்க ஒரு கை, கடிதம் போட ஒரு நண்பன், மறைந்துகொள்ள ஒரு பெயர், கைவசம் ஒரு பத்திரிகை. தமிழ் நவீன இலக்கியத்தின் நூறாண்டை இந்த ஏற்பாடுகளின் வழியாகவும் படிக்கலாம்.

வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்தவர். பால்ய விவாகம், கல்யாணத்தின்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. பள்ளிப் படிப்பு இல்லை. கணவர் நாடகங்களுக்கு அழைத்துப் போனார்; பார்த்துவிட்டு வந்த அம்மையாருக்குத் தாமும் ஒன்று செய்யலாமே என்று தோன்றியது. கோவையாக எழுதும் பழக்கம் கையில் இல்லாததால் அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் ‘இந்திர மோகனா’ நாடகம். கதை சொல்லத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாதது தடையே இல்லை என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். கோதைநாயகி அதை அச்சு வரை கொண்டுபோனார்.

அதைவிடப் பெரிய காரியம் 1925இல் நடந்தது. நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழைக் கையில் எடுத்து அவரே ஆசிரியரானார். அதன்பின் தொடர்கதையை யாருடைய மேசைக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும்? தாமே எழுதினார், தாமே வெளியிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள். இடையில் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய்வந்தார். 1960இல் அவர் மறையும்வரை முப்பதாண்டுக்கு மேல் அந்த இதழ்தான் அவருடைய மேடை. எல்லா நாவல்களும் தேறும் என்று நான் வாதாட மாட்டேன். பல நாவல்கள் நீளமானவை, போதனை மிகுந்தவை. ஆனால் அதே காலத்து ஆண்கள் எழுதிய மர்ம நாவல்களைச் சிரித்துக்கொண்டே மன்னிக்கிற இலக்கிய வரலாறு இவரிடம் மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்கிறது?

யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவாவின் ஏற்பாடும் இதே வகைதான், சூழல் இன்னும் கடுமை. முடிதிருத்தும் தொழிலாளி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றவர். சாதியின் பெயரால் கோயிலும் தேநீர்க்கடையும் மூடியிருந்த ஊரில் அவரும் கே. டானியலும் கதை எழுத வந்தார்கள். பேச்சுத் தமிழில், அடித்தட்டு மக்களின் வாழ்க்கையை எழுதியபோது, அறுபதுகளின் மரபுவாதிகள் அதை ‘இழிசனர் வழக்கு’ என்றார்கள். கதையைப் பற்றிய சொல்லாக அது வெளியில் தெரிந்தாலும் எழுதியவர்களைக் குறிவைத்த சொல் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். சந்தாவையும் கடைகளையும் மட்டும் நம்பாமல் இதழைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாக விற்றார். நாற்பதாண்டுக்கு மேல் அது வந்தது. ஈழத்து எழுத்தாளர்கள் பலருடைய முதல் கதையும் அட்டைப் படமும் அதில் வந்தன. அனுமதி மறுக்கப்பட்டவரே பிறருக்கு வாசல் திறப்பவரானார். சென்னையில் சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியதும் புத்தகத்தைச் சுமந்து விற்றதும் எல்லோரும் அறிந்த கதை. ஜீவாவின் கதை இங்கே அந்த அளவுக்குத் தெரியாமல் போனது நமக்குத்தான் நஷ்டம்.

கி. ராஜநாராயணனுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை, நண்பன் கிடைத்தான். இடைசெவலில் கு. அழகிரிசாமியும் அவரும் ஒரே தெருப் பிள்ளைகள் போல வளர்ந்தவர்கள். அழகிரிசாமி எழுத்தாளராகிச் சென்னைக்குப் போனார், கி.ரா. சம்சாரியாக ஊரில் இருந்து கடிதம் எழுதினார். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்தேன் என்று தம் படிப்பைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வார். 1958இல் ‘சரஸ்வதி’ இதழில் ‘மாயமான்’ கதை வந்தபோது வயது முப்பத்தைந்தை ஒட்டி. அதற்கு முன் வருஷக்கணக்காகக் கடிதத்தில் பேசிப் பேசி அவர் நடை பழகியிருந்தது. யாரோ ஒருவர் ஆசையோடு படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறவனுக்கு வரும் சரளத்தை எந்த வகுப்பும் கற்றுத்தராது. கரிசல் பேச்சில் அப்படியே எழுதினார், வட்டார வழக்குக்கு அகராதி போட்டார், ஊர் ஊராகக் கதை சேகரித்தார். பின்னால் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. 2021இல் மறைந்தபோது அரசு மரியாதை.

ஜெயகாந்தன் வேறு ரகம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமே அவருக்குப் பள்ளி. தம் புத்தகத்துக்குத் தாமே முன்னுரை எழுதினார், அதுவும் சண்டைக்கு இழுக்கிற குரலில். அவையடக்கத்துக்கு நேர் எதிரான அந்த முன்னுரைகளைத் தனியே ஆராய வேண்டும். அவரைப் பார்த்து அந்தத் தோரணையை மட்டும் எடுத்துக்கொண்டவர்களை என்ன சொல்வது!

பெண்களுக்குத் தோரணை எடுபடாது. துவரங்குறிச்சியில் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட சல்மா, திருமணத்துக்குப் பிறகு இரவில் ஒளிந்து எழுதினார்; தாள்கள் தாயார் வழியாக வீட்டுக்கு வெளியே போயின; புனைபெயர்தான் காப்பு. 2000இல் கவிதைத் தொகுப்பும் 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யும் வந்தன. பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதியபோது கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறி வந்திருந்தார். இலக்கணம் இல்லை, ஊரை அவமானப்படுத்திவிட்டாள் என்று இரண்டு பக்கமும் ஏச்சு. சொந்த ஊருக்குள் சில காலம் நுழைய முடியவில்லை.

கொடுத்த அனுமதியைத் திரும்பப் பறிக்கவும் செய்வார்கள். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பில் சொன்னது. ஒருவரை எழுதச் சொல்வதற்கு நீதிபதிகள் தேவைப்பட்டார்கள் என்பதைப் பெருமையாகக் கொள்வதா, வெட்கமாகக் கொள்வதா என்று எனக்குத் தெளிவில்லை.

இப்போது கைப்பேசிச் செயலிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் தொடர்கதை எழுதுகிறார்கள், பெரும்பாலும் பெண்கள், சமையலுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே. இவர்களுக்கு ஆசிரியரும் இல்லை, அணிந்துரையும் இல்லை. விமரிசகர்கள் படிக்காமலே தள்ளுகிறார்கள், கோதைநாயகியைத் தள்ளியது போலவே. முக்கால்வாசி சாதாரணமாகத்தான் இருக்கும்; ‘ஆனந்த விகடன்’, ‘கலைமகள்’ பழைய இதழ்களிலும் முக்கால்வாசி அப்படித்தான். இதழாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கையெழுத்துப் பிரதியோடு வருகிறவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள், யார் அறிமுகம் என்று விசாரிக்கும் முன் முதல் பத்துப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.