மதிப்பு சுழியம்: நிறத்தேர்வுப் பெட்டியை ஒரு பிரதியாக வாசித்தல்

1

படங்களைத் திருத்தும் மென்பொருட்களில் நிறம் தேர்ந்தெடுப்பதற்கென்று ஒரு பெட்டி திறக்கும். ஃபோட்டோஷாப்பில் அது ஒரு சதுரம், பக்கத்தில் செங்குத்தாக ஒரு வானவில் பட்டை. பட்டையில் நிறத்தின் வகையைப் பிடிக்கிறோம். சதுரத்துக்குள் சுட்டியை நகர்த்தி அடர்வையும் வெளிச்சத்தையும் பிடிக்கிறோம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்கிறது பெட்டி. இதைவிட ஜனநாயகமான சாதனம் உண்டா என்று தோன்றும்.

அப்படித் தோன்ற வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கருத்தியல் தன்னை இயற்கையாகக் காட்டிக்கொள்ளும் என்பதை பார்த், அல்தூசர் என்று நாம் பேசித் தீர்த்தாயிற்று. இலக்கியத்தை, சினிமாவை, பாடப்புத்தகத்தை அப்படி வாசிக்கப் பழகிய நாம், நம்முடைய துண்டறிக்கையையும் அட்டைப்படத்தையும் உருவாக்கித் தருகிற கருவியை மட்டும் ‘சும்மா கருவிதானே’ என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பெட்டியும் ஒரு பிரதி. அதற்கு ஆசிரியர்கள் உண்டு, இலக்கணம் உண்டு, மௌனங்களும் உண்டு.

2

பெட்டிக்குள் இருக்கும் நிறம் யாருடைய கண்ணுக்குத் தெரிகிற நிறம்? 1931இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ‘நியம நோக்கர்’ என்று ஒருவரை உருவாக்கியது. 1920களின் இறுதியில் இங்கிலாந்தில் ரைட் 10 பேரையும் கில்ட் 7 பேரையும் உட்கார வைத்து எடுத்த அளவீடுகளின் சராசரி அவர். உடம்பில்லாத, ஊரில்லாத அந்த நோக்கர்தான் இன்றைய ஒவ்வொரு திரைக்கும் பின்னால் நிற்கிறார். 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்ற வரையறையில்தான் பெரும்பாலான கணினிகளும் கைபேசிகளும் படம் காட்டுகின்றன. அதில் ‘வெள்ளை’ என்பது ஏறத்தாழ மேற்கு ஐரோப்பாவின் நடுப்பகல் வெளிச்சம்.

அந்த 17 பேரின் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு பெருமளவு எல்லோருக்கும் பொருந்தவே செய்கிறது. கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒளியை அளந்த கணக்கு, நிறத்தையே அளந்துவிட்டதாகப் பேசத் தொடங்கும் இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களை வைத்து எந்த ஓவியராலும் யோசிக்க முடியாது. அதனால் 1978இல் ஆல்வி ரே ஸ்மித் அந்த எண்களை வேறு மூன்றாக மாற்றும் கணக்கை வெளியிட்டார்: நிறவகை, அடர்வு, மதிப்பு. ஆமாம், வெளிச்சத்துக்கு அவர் வைத்த பெயர் ‘மதிப்பு’. 1905இலேயே மன்செல் தன் நிற முறையில் பயன்படுத்திய ஓவியர்களின் தொழிற்சொல் அது. ஃபோட்டோஷாப் அதைப் ‘பிரகாசம்’ என்று மாற்றிக்கொண்டது. கிம்ப்பில் பழைய பெயரே நிற்கிறது. இந்தக் கணக்கின்படி கருப்பின் மதிப்பு சுழியம்.

‘தொழிற்சொல்தானே, இதில் என்ன உள்நோக்கம்?’ என்று கேட்பார்கள். உள்நோக்கத்தைத் தேடுவது நம் வேலை இல்லை. ஒரு சொல் எந்த வரிசையை இயல்பானதாக நிறுவுகிறது என்பதுதான் கேள்வி. சதுரத்தைப் பாருங்கள். மேலே இடது மூலையில் வெள்ளை, மேலே வலது மூலையில் சுத்தமான நிறம். கீழே இறங்க இறங்க இருட்டு. அடிவரிசை முழுக்க ஒரே கருப்பு. அங்கே சுட்டியை எங்கே வைத்தாலும் வித்தியாசம் கிடையாது. மேல்வரிசைக்கு வேறுபாடுகள் உண்டு. கீழே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கும்பல். இது எங்கேயோ கேட்ட கதையாக இல்லையா?

இந்த ‘மதிப்பு’ கண்ணுக்குக்கூட விசுவாசமானதில்லை. மூன்று எண்களில் எது பெரியதோ அதுவே மதிப்பு, அவ்வளவுதான் கணக்கு. ஆகவே முழு மஞ்சளுக்கும் 100, முழு நீலத்துக்கும் 100. கண்ணுக்கோ மஞ்சள் பளிச்சென்று அடிக்கிறது, நீலம் இருண்டு கிடக்கிறது. திரையின் வெளிச்சத்தில் கண் உணர்வதில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. கணக்கு போடுகிறவருக்கு எளிது என்பதற்காக வந்த வசதி இது. நாளடைவில் நிறத்தின் இயற்கையாகவே ஆகிவிட்டது.

3

தோலுக்கு வருவோம். ஒரு பன்னாட்டு விளம்பரப் படத்தைத் திறந்து வெள்ளைத் தோலையும் கருத்த தோலையும் துளிகுழாய்க் கருவியால் தொட்டுப் பாருங்கள். நிறவகை எண் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். மனிதத் தோல் அத்தனையும் வானவில் வட்டத்தில் ஆரஞ்சை ஒட்டிய ஒரு குறுகிய துண்டுக்குள் அடங்கிவிடுகிறது. மெலனினும் ரத்தமும்தான் எல்லோருக்கும். வித்தியாசம் பெரும்பாலும் அடர்விலும் வெளிச்சத்திலும்தான். நம் ஊரில் வெளுத்த தோலைச் ‘செவப்பு’ என்கிறோம், ஏதோ அது வேறு வகை நிறம் என்பதுபோல. பெட்டியின் எண்கள் இந்தப் பொய்யை உடைக்கின்றன. அதே பெட்டி அடுத்த நொடியில் இருவரையும் மேலும் கீழுமாக அடுக்கியும் வைக்கிறது.

இதற்கு முன்வரலாறு உண்டு. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி அட்டை’யில் ஒரு வெள்ளைப் பெண்ணின் தோல்தான் சரியான நிறத்தின் அளவுகோல். கருத்த முகங்கள் படச்சுருளில் அடையாளம் தெரியாமல் அமிழ்ந்தபோது நிறுவனத்துக்கு அது பெரிய சிக்கலாகப் படவில்லை. சாக்லேட்டும் மரச்சாமான்களும் விற்றவர்கள் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று புகார் செய்தபிறகே படச்சுருள் மேம்பட்டது என்று அத்துறையில் இருந்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். மனிதத் தோல் செய்ய முடியாததை மேசை நாற்காலி செய்தது!

இங்கே, ஒரு சிறுநகர டிடிபி கடையில் நான் பார்த்தது இது. செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். ரேஷன் அட்டைக்கு எடுத்த படத்தைக் கொடுத்திருந்தார்கள். அதை வடிவமைத்த பையன் யாரும் கேட்காமலே வளைகோட்டை மேலே இழுத்தான். முகம் வெளுத்தது. கன்னத்தில் கொஞ்சம் ரோஸ். இறந்தவருடைய மகள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “எங்கப்பா மாதிரி இல்லியேண்ணே” என்றார். பையன், “இப்டியே விட்டா பிரிண்ட்ல அடஞ்சிரும்மா, மூஞ்சி தெரியாது” என்றான்.

அவன் சொன்னது பொய் இல்லை. இருண்ட பகுதிகளில் மை தேங்கி நுணுக்கம் அடைந்துபோவது அச்சில் உள்ளதுதான். ஆனால் அதற்கு மருந்து வேறு. நிழல் பகுதியை மட்டும் சற்றே திறந்து, நடுநிறங்களைத் தொடாமல், நெற்றியிலும் கன்னமேட்டிலும் விழும் ஒளியைக் காப்பாற்றினால் முகமும் தெரியும், கருப்பும் கருப்பாக இருக்கும். அவன் செய்தது மொத்தத் தோலையும் இடம்பெயர்த்தது. தொழில்நுட்பத் தேவை என்ற வாசல் வழியாகத்தான் அழகியல் உள்ளே நுழைகிறது. அழகியலின் பின்னாலேயே சாதியும். அந்தப் பையனும் கருத்தவன்தான். அவனைக் குறை சொல்லி இங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை.

நாமும் யோக்கியர்கள் இல்லை. அம்பேத்கரைப் பன்னீர் ரோஜா நிறத்தில் அச்சடித்த சுவரொட்டிகளுக்குக் கீழே நின்றுதான் நாம் முழக்கமிட்டிருக்கிறோம்.

4

நிறத்தின் மதிப்பை எண் தீர்மானிப்பதில்லை என்பதற்கு நம் அரசியலே சாட்சி. 1946இல் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு கூடியபோது இழிவின் நிறமாகச் சொல்லப்பட்டதை எடுத்து உடம்பில் போட்டுக்கொண்டார்கள். 2018இல் வந்த ரஞ்சித்தின் ‘காலா’வில் வெள்ளை உடையும் வெள்ளை வீடும் வில்லனுடையவை; தூய்மை என்ற சொல்லாடலே அங்கே வன்முறை. இறுதிக் காட்சியில் கருப்பும் சிவப்பும் நீலமும் வெடிப்பதை வெறும் வண்ணஜாலம் என்று பார்த்தவர்கள் அரைப்படம்தான் பார்த்தார்கள். பெட்டியின் அடிவரிசை அங்கே படம் முழுக்க நிரம்புகிறது.

இதைக் கொண்டாட்டமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர் கைகளில் கட்டும் வண்ணக் கயிறுகள் சாதியைச் சொல்கின்றன. அவற்றைத் தடைசெய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. பெட்டியில் மஞ்சள் வெறும் மூன்று எண்கள். ஒரு பள்ளி வளாகத்தில் அதே மஞ்சள் யார் யாரோடு உட்காரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. நிறம் தனியாகப் பொருள் தருவதில்லை. பக்கத்தில் எது இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் பொருள் பிறக்கிறது.

பெட்டியின் இலக்கணத்துக்குள் வராத நிறங்களும் உண்டு. பட்டுக்கடையில் ‘மயில் கழுத்து’ என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். சேலை அசைந்தால் நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். துளிகுழாயால் அதை எங்கே தொட்டாலும் பாதிதான் கிடைக்கும். நெசவாளி இரண்டு நூலுக்கிடையில் வைத்த நிறத்துக்குப் பெட்டியில் ஒரு புள்ளி கிடையாது.

5

அப்படியானால் கணினியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுவரொட்டி வேண்டும், அட்டை வேண்டும், வேலை நடக்க வேண்டும். ஆனால் பெட்டி திறக்கும்போது முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பவை எவை என்று கேட்கப் பழகலாம். வளைகோட்டை மேலே இழுக்கும் கை, நுணுக்கத்தைக் காப்பாற்ற இழுக்கிறதா, தோலை மாற்ற இழுக்கிறதா? ‘சரியான நிறம்’ என்று யார் சொல்கிறார்கள்? படத்தில் இருப்பவரை அறிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

அந்த மகள் கேட்டது ஒரு விமர்சகரின் கேள்வி. அசலுக்கும் பிரதிக்கும் நடுவில் நுழைந்த அதிகாரத்தை அவர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். ஃபிளெக்ஸ் வெளுத்த முகத்தோடுதான் அச்சாகிப் போயிற்று, நேரமில்லை என்றார்கள். அடுத்த முறை நம் இதழின் அட்டைக்கு ஒரு தொழிலாளியின் முகம் வரும்போது, வடிவமைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வேண்டும்.