கார்த்திகை விடுப்பும் தசைக் கணக்கும்

சேத்தியாத்தோப்பு, புவனகிரிப் பக்கம் ஜிம்முக்குப் போகிற இளைஞர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனை மாதங்கள். மழை பிடித்தால் சாலையில் தண்ணீர் நிற்கும், சம்பா வயலில் வேலை காத்திருக்கும். சபரிமலைக்கு மாலை போட்டவர்களோ 41 நாளும் முட்டை, கறி தொடமாட்டார்கள். அந்தச் சாக்கில் பலர் எடைப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு, "வீட்டிலேயே நாலு தண்டால், பஸ்கி போட்டா உடம்பு நிக்கும்" என்கிறார்கள். இந்த வழக்கம் எந்த அளவுக்குச் சரி?

முதலில் பயத்தைத் தீர்த்துவிடலாம். பயிற்சியை விட்டால் தசை கொழுப்பாக மாறிவிடும் என்பது வெறும் பேச்சு. இரண்டும் வேறு வேறு திசுக்கள். பத்துப் பதினைந்து நாளில் மார்பும் கையும் வற்றியதுபோலத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், தசைக்குள் இருக்கும் கிளைக்கோஜன் குறைவதுதான். ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதுவும் கூடவே போகிறது. திரும்பப் பயிற்சி தொடங்கினால் சில நாளில் நிரம்பிவிடும். ஜப்பானில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு வாரம் பயிற்சி, மூன்று வாரம் ஓய்வு என்று மாறி மாறி 24 வாரம் செய்தவர்கள், விடாமல் செய்தவர்களுக்கு இணையாகவே தசை வளர்த்திருந்தார்கள். ஆனால் அந்த ஓய்வு மூன்று வாரம்தான். மாலை போட்டவரின் 41 நாள் மண்டலமோ அதைப்போல இரு மடங்கு. ஆகவே ஏதாவது செய்துதான் ஆக வேண்டும்.

எவ்வளவு செய்தால் போதும்? அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011இல் இதற்கு விடை தந்தது. வாரம் மூன்று நாள் வீதம் 16 வாரம் பயிற்சி எடுத்தவர்களுக்கு, அடுத்த 32 வாரம் அளவு குறைக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான்: வாரத்தில் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே செட். 20 முதல் 35 வயதினருக்கு அதிலேயே தசை நின்றது. "கொஞ்சம் செய்தால் போதும்" என்ற நம்மூர் நம்பிக்கைக்கு இது வலுவான சான்று.

ஓட்டை எங்கே என்றால், அங்கே குறைத்தது எண்ணிக்கையை, எடையை அல்ல. தண்டாலில் கைமேல் இறங்குவது உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். 60 கிலோ ஆளுக்கு அது சுமார் 40 கிலோ. பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோ தூக்கிப் பழகியவர் அதில் இருபது எண்ணிவிட்டு எழுந்தால் தசைக்கு வேலையே இல்லை. குறைந்த எடையும் தசையைக் காக்கும். ஆனால் இன்னும் ஒன்றிரண்டுதான் முடியும் என்ற கட்டம்வரை போக வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்துவதுதான் தவறு.

இரண்டாவது குறை, தண்டாலும் பஸ்கியும் தள்ளுகிற தசைகளுக்கானவை. இழுக்கிற முதுகுக்கும் புஜத்துக்கும் அவற்றில் பங்கு மிகக் குறைவு. இதற்குக் காலி யூரியா சாக்கு போதும். பாதிவரை மணல் நிரப்பினாலே 40 கிலோவைத் தொட்டுவிடும். புதிதாகச் செய்பவர் கால் சாக்கில் தொடங்கலாம். வாயை இறுகக் கட்டி, முழங்காலை லேசாக மடக்கி, முதுகை வளைக்காமல் இடுப்பில் குனிந்து, சாக்கை வயிற்றுக்கு இழுத்து மெல்ல இறக்க வேண்டும். அதையே தோளில் போட்டுக்கொண்டால் பஸ்கிக்கும் பாரம் கிடைத்துவிடும்.

"வயல் வேலையே பயிற்சிதானே?" என்பவர்களும் உண்டு. எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்புக் கட்டைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுபவருக்குத் தொடையும் இடுப்பும் தளராது. அவருக்குத் தேவை சோறும் தூக்கமும்தான். நாள் முழுக்கக் குனிந்து களை பறிப்பது அப்படியல்ல. உடம்பு அலுத்துப்போகும், தசைக்குப் பாரம் கிடைக்காது.

சாப்பாட்டில் கோட்டைவிட்டால் இவ்வளவும் வீண். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சாதாரண ஆளுக்குச் சொல்லும் அளவு. தசையைக் காக்க நினைப்பவருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். மாலை போட்டதால் நின்ற இரண்டு முட்டையின் 12 கிராமை ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 50 கிராம் அளவில், ஈடுகட்டிவிடும். அதே அளவு மீல் மேக்கரில் 25 கிராம் இருக்கிறது. புரதப் பவுடர் வேண்டாம் என்று அதே கழகம் 2024 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

மொத்தத்தில் இந்த வழக்கம் அளவில் சரி, பாரத்தில் தவறு. அதைவிடப் பெரிய பிழை, இந்தக் கவலை இளைஞர்களோடு நின்றுவிடுவது. ஒருமுறை வளர்ந்த தசை, விட்டுத் தொடங்கினாலும் சீக்கிரம் திரும்பிவிடும் என்பதால் ஜிம்முக்குப் போகிற மகனுக்கு நட்டம் கொஞ்சம்தான். வீட்டில் இருக்கும் வயதான அப்பாவுக்கு அப்படியல்ல. அலபாமா ஆய்விலேயே 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஒன்பதில் ஒரு பங்கு தசையைக் காக்கவில்லை. நோயில்லாத முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்தாலே கால்தசையில் ஒரு கிலோ அளவுக்கு இழக்கிறார்கள் என்று இன்னோர் ஆய்வு காட்டியது. காய்ச்சலில் படுத்து எழுந்த அப்பா தினமும் நாற்காலியில் பத்துமுறை உட்கார்ந்து எழுந்தாரா என்று கேட்க வேண்டியவர், வீட்டில் பயிற்சி தெரிந்த அந்த மகன்தான்.