வர்ஜிலும் கம்பனும்: தாந்தேயின் காவியம் நம்மிடம் கேட்கும் வினா

இத்தாலியக் கவிஞர் தாந்தே இயற்றிய ‘தெய்வீக இன்பியல்’ கிறிஸ்தவ உலகம் பெற்ற காவியங்களுள் தலையாயதாகப் போற்றப்படுகிறது. 1265-இல் ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்த தாந்தே, 1302-இல் நாடு கடத்தப்பட்டு, 1321-இல் ராவென்னாவில் மறைந்தார். 1300-ஆம் ஆண்டின் உயிர்த்தெழுதல் பண்டிகைக் காலத்தில் தாம் மறுமை உலகினூடே யாத்திரை சென்றதாக அவர் பாடுகிறார். நரகம், உத்தரிக்கும் ஸ்தலம், பரலோகம் என்னும் மூன்று பாகங்கள். மொத்தம் நூறு படலங்கள்.

சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் இந்நூலை எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். உத்தரிக்கும் ஸ்தலத்திற்குத் திருமறையில் ஆதாரமில்லை. ஆகவே அதைப் பாடிய நூலில் நமக்குப் பங்கில்லை என்பது நம் எண்ணம். ஆனால் இந்நூல் எழுப்பும் ஒரு வினா, மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளிலும் ஊழியம் செய்யும் எந்த ஆயரையும் விட்டபாடில்லை. கிறிஸ்துவை அறியாமல் மரித்த நல்லோரின் கதி என்ன? ஒரே குடும்பத்தில் மகள் திருமுழுக்குப் பெற்றிருக்க, தகப்பனார் குலதெய்வத்தை வணங்கியபடியே மரிக்கிறார். கருமாதி வீட்டுத் திண்ணையில் அம்மகள் கேட்கும் கேள்வி இதுவே.

பரலோகப் பாகத்தின் பத்தொன்பதாம் படலத்தில் இவ்வினா நம் நாட்டைத் தொட்டே எழுகிறது. சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வாரும் அங்கில்லை, எழுதுவாரும் இல்லை. அவன் செயல்கள் மனித அறிவு காணக்கூடிய அளவில் குற்றமற்றவை. திருமுழுக்கின்றி மரிக்கிறான். அவனைத் தண்டிப்பது எவ்விதத்தில் நீதி? நீதியரசர்களின் ஆவிகள் ஒன்றுகூடிக் கழுகின் உருவில் தோன்றி, தாந்தேயின் உள்ளத்தில் நெடுநாள் இருந்த இவ்வினாவை எடுத்துரைக்கின்றன. தீர்க்கமான விடை தரப்படவில்லை. தேவநீதியின் ஆழத்தை மனிதக் கண் எட்டாது என்றே கழுகு மொழிகிறது. ஆயினும், வாயால் கிறிஸ்துவை அழைப்போரில் பலர், அவரை அறியாத சிலரைக் காட்டிலும் நியாயத்தீர்ப்பு நாளில் அவருக்குத் தூரமாய் நிற்பர் என்றும் அது எச்சரிக்கிறது. மத்தேயு ஏழாம் அதிகாரத்தை அறிந்தோருக்கு இது புதிய போதனையன்று.

இவ்வினாவைத் தாந்தே தத்துவ விவாதமாக மட்டும் வைக்கவில்லை. வர்ஜில் என்னும் மனிதராகவே நம்முன் நிறுத்துகிறார். கிறிஸ்து பிறப்பதற்கு முன், கி.மு. 19-இல் மரித்த ரோமக் கவிஞர் அவர். நரகம் முழுவதும், உத்தரிப்பு மலையின் உச்சிவரையும் தாந்தேயை வழிநடத்துபவர் அவரே. மலையுச்சியில் பெயத்ரிசே தோன்றும் வேளையில் வர்ஜில் மறைந்துவிடுகிறார். அவர் திரும்ப வேண்டிய இடம் லிம்போ. அங்கே வேதனையில்லை, நம்பிக்கையுமில்லை. பரலோகத்தின் வாசலில் நின்று தாந்தே தம் ஆசானுக்காக அழுகிறார்.

வர்ஜிலின் பாடலால் தாம் கிறிஸ்தவரானதாக ஸ்தாத்தியுஸ் என்னும் கவிஞர் கூறுவதாகவும் தாந்தே புனைந்துள்ளார். இருளில் விளக்கை முதுகுப்புறம் பிடித்து நடப்பவனுக்கு அவ்வொளி பயன்படுவதில்லை; பின்வருவோரே வழி காண்கின்றனர். வர்ஜில் அத்தகையவர் என்கிறார் ஸ்தாத்தியுஸ்.

இவ்வுவமையைப் படிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை நினையாதிருக்க முடியாது. 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்த அவர், 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘மோட்ச பிரயாண’த்தைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் நூலாக வந்தது. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்கிறோம். அப்பட்டத்தின் பொருளை நாம் எண்ணிப் பார்த்தோமா? கம்பர் அக்காவியத்தில் பாத்திரமாக வரவில்லை. ஆனால் விருத்தங்களின் நடையிலும் வருணனைகளிலும் அவரே கைப்பிடித்து வழிநடத்துகிறார். கிருஷ்ணபிள்ளையின் வர்ஜில் கம்பரே. விளக்கு முன்னே சென்றது. பின்வந்தவர் சிலுவையைக் கண்டார்.

சிலுவை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பனியன் நூலில் விரிவாக இல்லாத கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் நீளப் பாடிச் சேர்த்தார். தாந்தேயின் நரகப் பாகத்திலோ கிறிஸ்து என்னும் பெயரே ஒருமுறையும் உச்சரிக்கப்படுவதில்லை. அவ்விடத்தின் தீட்டு அந்நாமத்தைத் தொடலாகாது என்பது கவிஞரின் பக்தி. தாந்தே நீதியின் கட்டடத்தை எழுப்புகிறார். கிருஷ்ணபிள்ளை, அந்நீதியைத் தம்மேல் ஏற்றவரைக் காட்டுகிறார். நற்செய்தியாளருக்கு இரண்டாவது வழியே உகந்தது.

தாந்தேயின் கட்டடத்திலும் விரிசல் உண்டு. பேரரசன் டிராஜனைப் பரலோகத்தில் வைக்கிறார். வர்ஜிலின் காவியத்தில் ஓரிரு அடிகளில் வந்துபோகும் ரிஃபேயுஸ் என்னும் டிராய் வீரனையும் வைக்கிறார். வர்ஜில் படைத்த பாத்திரம் உள்ளே, படைத்தவர் வெளியே! இம்முரண்பாட்டைக் கவிஞர் அறியாதவர் அல்லர். தேவனை முகமுகமாய்க் காணும் பரலோகவாசிகளும் தெரிந்துகொள்ளப்பட்டோர் யாவரையும் இன்னும் அறியார் என்று கழுகு சொல்வது இதையொட்டியே. தாம் வரைந்த வரைபடமே முடிவானதன்று என்று தாந்தே காவியத்துக்குள்ளேயே ஒப்புக்கொள்கிறார்.

நம் பிரசங்க பீடங்களில் இத்தகைய அடக்கம் குறைவு. உத்தரிக்கும் ஸ்தலத்தை நீக்கியது சரியே. மரித்தோர் பெயரால் நடந்த பாவமன்னிப்புச் சீட்டு வணிகத்தை 1517-இல் லூத்தர் எதிர்த்ததும் சரியே. ஆனால் மறுமைக்கு இரு வாசல்களே எஞ்சியபின், நாமே வாசற்காவலராகிவிட்டோம். பனியன் நூலின் முடிவில், பரம நகரத்தின் வாயில்வரை வந்து அங்கிருந்தே நரகத்திற்குத் தள்ளப்படுகிறான் அறிவீனன். அவனைப் பிற சமயத்தவனுக்கு உவமையாக்கிப் பிரசங்கிப்போர் உண்டு. பனியன் காட்டும் அறிவீனனோ ஜெபிக்கிறவன், உபவாசிக்கிறவன், தசமபாகம் செலுத்துகிறவன். அவன் நம் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்திருப்பவன். ஆக, கத்தோலிக்கக் கவிஞரும் சீர்திருத்த எழுத்தாளரும் ஒரே இடத்தில் விரல் வைக்கின்றனர்: நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் துவங்குகிறது.

கிறிஸ்துவாலன்றி இரட்சிப்பில்லை என்னும் விசுவாசத்தை இது சற்றும் தளர்த்தவில்லை. தாந்தேயும் அதைத் தளர்த்தவில்லை. தீர்ப்பிடும் உரிமை யாருடையது என்பதே இங்குள்ள கேள்வி. கருமாதி வீட்டில் கேட்கும் மகளுக்கு, அவள் தகப்பனார் இருக்குமிடம் இன்னதென்று சொல்ல நமக்கு அதிகாரம் தரப்படவில்லை. அவரைப் படைத்தவரும் நியாயந்தீர்ப்பவரும் அவளுக்காகச் சிலுவையில் மரித்தவரே என்று சொல்ல அதிகாரம் உண்டு. அதைச் சொல்லி, அவளோடு அமர்ந்து அழுவது ஆயரின் கடமை. தம் ஆசானுக்காகத் தாந்தே சிந்திய கண்ணீரைப் பெயத்ரிசே கடிந்துகொள்கிறாள். வேதாகமக் கல்லூரி மாணவர்கள் அப்படலத்தை வாசித்து, அவள் கடிந்தது முறையா என்று தங்களுக்குள் விவாதிப்பார்களாக.