தண்டவாளத்தின் கணக்கு

மூன்றாவது முறையாக என் ஜப்பானியப் படை இம்பாலுக்கு முன்னால் பட்டினி கிடந்தது. சேலையூரில் ஒரு சனிக்கிழமை, ராத்திரி மணி ஒன்றரை. ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ விளையாடுகிறவர்களுக்குத் தெரியும், பர்மா போர்முனை ஜெயிப்பதற்கான இடமே இல்லை. அவ்வளவு தூரம் சோறு அனுப்ப முடியுமா என்று பார்ப்பதற்கான இடம். அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

2016-இல் பாரடாக்ஸ் இதை வெளியிட்டபோது சப்ளை என்பது பேருக்குத்தான் இருந்தது. வரைபடம் பெரிய பெரிய வட்டாரங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்குள் எத்தனை டிவிஷனை அடைக்கலாம் என்பதோடு கதை முடிந்தது. 2021 நவம்பரில் ‘நோ ஸ்டெப் பேக்’ வந்தபோதுதான் இதைத் தலைகீழாக்கினார்கள். இப்போது தலைநகரிலிருந்து தண்டவாளம் வேண்டும், அதில் ஓட நாமே தயாரித்த ரயில் வேண்டும், நடுநடுவே சப்ளை மையங்கள் வேண்டும், அங்கிருந்து படை நிற்கும் இடம்வரை குதிரையோ லாரியோ வேண்டும். பாதைக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் உண்டு. வழியில் எங்கேயாவது ஒரு துண்டு தரம் ஒன்றில் இருந்தால் மொத்தப் பாதையும் அந்தத் துண்டின் அளவுதான். ஜி.எஸ்.டி. சாலையை எத்தனை வழியாக அகலப்படுத்தினாலும் பெருங்களத்தூரில் முட்டினால் முட்டியதுதானே, அதே கதை.

இது நல்ல மாற்றம். 1944 மார்ச்சில் முட்டாகுச்சி மூன்று டிவிஷன்களை மூன்று வாரச் சாப்பாட்டோடு சிந்துவின் ஆற்றைத் தாண்ட வைத்தார். கூடவே மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பாரமும் சுமக்கும், பசித்தால் அடித்தும் தின்னலாம் என்ற திட்டம். நிறைய மாடுகள் வழியிலேயே போயின. கோஹிமாவில் சாட்டோ, அரிசியும் குண்டும் வராமல், மேலிடத்து உத்தரவை மீறித் தன் டிவிஷனைப் பின்வாங்கினார். எதிர்ப்பக்கம் முற்றுகைக்குள் இருந்தவர்களுக்கு விமானத்தில் சாப்பாடு வந்தது. பழைய வடிவத்தில் இதெல்லாம் நடக்கவே நடக்காது. இப்போது என் திரையில் நடக்கிறது. முட்டாகுச்சியின் தப்பை நானே செய்து தெரிந்துகொள்கிறேன்.

நாலாவது ஆட்டத்தில் தெளிந்து, முதலில் ரயில்பாதை போட்டேன். பாங்காக் பக்கமிருந்து ரங்கூன் பக்கம் வரை மவுசால் ஒரு கோடு இழுத்து, சிவிலியன் தொழிற்சாலைகளை அதற்கு ஒதுக்கினேன். பக்கத்தில் ஒரு பச்சைப்பட்டை நகர்ந்தது. காபி போட்டுக்கொண்டு வந்தேன், பாதை தயார்.

அப்போதுதான் உறைத்தது. அது சயாம் ரயில்.

எங்கள் அப்பாயியின் அண்ணன் ஒருவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் எஸ்டேட்டுக்குப் போனவர். “சயாமுக்கு ரயில் போடப் போனான், வரல” என்று ஒரே வாக்கியத்தில் அப்பாயி முடித்துவிடுவார். வீட்டில் அவருக்குப் படம்கூடக் கிடையாது.

மலாயாவைச் சுற்றி ரங்கூனுக்குப் போகும் கடல்வழியில் நீர்மூழ்கிகளின் ஆபத்து. அதனால்தான் ஜப்பானியர்கள் பான்போங்கிலிருந்து தன்புசயாட் வரை 415 கிலோமீட்டரை 1942 ஜூனுக்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் போட்டு முடித்தார்கள். மீட்டர் கேஜ், ஒரு காலத்தில் நம்ம பீச்-தாம்பரம் லைன் இருந்த அதே அகலம். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அதில் உண்டு. போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். 12,000க்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளிகள் 1,80,000க்கு மேல் என்கிறார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். 90,000 பேர் வரை செத்திருக்கலாம் என்பது மதிப்பீடு. காலரா, மழை, அடி, பட்டினி. காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பேர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மாட்களுக்கு மூங்கில் காடு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் இல்லையென்றால் இந்தப் பக்கம் தமிழில் இன்னும் வெறுமையாக இருந்திருக்கும்.

இந்தச் சப்ளை முறைக்கு ரயில் எத்தனை, லாரி எத்தனை என்று தெரியும். குதிரைகூடத் தெரியும். பாதையைப் போடுகிறவன் மட்டும் தெரியாது. டேட்டாபேஸில் அந்தக் காலமே இல்லை. ஆக்கிரமித்த நாட்டில் ‘கட்டாய உழைப்பு’ என்றொரு சட்டம் விளையாட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைப் போட்டால் அந்த நாட்டின் உற்பத்தியும் எதிர்ப்பும்தான் மாறும். நான் இழுத்த கோட்டில் யாரும் சாக மாட்டார்கள்.

ஆபீஸ் நண்பனிடம் சொன்னேன். “டேய், சாவையும் பட்டன் ஆக்கச் சொல்றியா? அதையும் அமுக்கிட்டுத்தான் போவானுங்க” என்றான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. இனப்படுகொலையை விளையாட்டாக்கக் கூடாது என்கிற தயக்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் யோசித்தால், இங்கே கேள்வி கொடூரத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பதல்ல. சப்ளையைத் துல்லியமாக்குகிறோம் என்று சொல்லிவிட்டு, சப்ளையின் மிகப்பெரிய செலவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் கணக்கே தப்பு. முட்டாகுச்சியின் மாடு செத்தால் என் படை பட்டினி கிடக்கிறது. கூலி செத்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால் அவசரப்படுத்துவதுதான் எப்போதும் லாபம்.

ஆகவே நான் கேட்பது சின்ன மாற்றம். ஆக்கிரமித்த மண்ணில் போடும் பாதைக்கு அந்த மண்ணின் மக்கள்தொகையிலிருந்து ஆள் எடுக்கட்டும். அவர்களுக்கும் அதே மையத்திலிருந்து சோறு போகட்டும், அதாவது என் படையின் சோற்றில் பங்கு. மழைக்காலத்தில் வேலையை முடுக்கினால் ஆள் குறையட்டும், குறைந்த எண் பாதையின் மேல் மவுஸை வைத்தால் தெரியட்டும். முடுக்காமல் விட்டால் ரயில் தாமதமாக வரும், போர் கைவிட்டுப் போகலாம். அப்போது ஆடுகிறவன் உண்மையிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

போன மாசம் நானே ஒரு மாட் எழுத ஆரம்பித்தேன். ஸ்கிரிப்ட் கஷ்டமில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்று போதும். மலாயாவிலிருந்து எத்தனை தமிழர் என்று ஆரம்ப எண் ஒன்று போட வேண்டும். புரட்டிய புத்தகம் ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொல்கிறது. அந்த வரி இன்னும் கமெண்டில்தான் கிடக்கிறது.